14-ஆம் நாள் பஞ்சாங்கம்

கல்யாணமாகி மூன்று மாதம் தாண்டினால், "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்கும் உரிமை தெருக்கோடி வரைக்கும் வந்துவிடுகிறது. இப்போது அந்த வரிசையில் கைபேசிச் செயலியும் நிற்கிறது. சில செயலிகளுக்கு எல்லாப் பெண்ணுக்கும் ஒரே கணக்கு: மாதவிலக்கு தொடங்கி 14-ஆம் நாள் கருமுட்டை வெளிவரும். ராகு காலம்கூடக் கிழமைக்குக் கிழமை மாறும், இது மாறாது.

ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோ 1924-லேயே இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். கருமுட்டை வெளிவருவது, அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு. 35 நாள் சுழற்சி என்றால் 21-ஆம் நாள் வாக்கில்தான். சரி, அந்த "அடுத்தது" என்றைக்கு? அதை அது வந்த பிறகுதான் சொல்ல முடியும்.

வெப்பமானி இருக்கிறதே என்பார்கள். விடிந்ததும் படுக்கையைவிட்டு இறங்காமல், காப்பி குடிக்காமல், மாமியார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். உடல் சூடு அரை டிகிரி செல்சியஸுக்குள் லேசாக ஏறும், முட்டை வெளியான பிறகு! நம்ம சினிமா போலீஸ்தான். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள். விந்தணுவோ ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே காரியம் முட்டை வெளியாவதற்கு முந்தைய நாள்களில்.

சிறுநீரில் நனைக்கும் பட்டை கொஞ்சம் யோக்கியம். ஒன்று ஒன்றரை நாள் முன்னதாகவே ஹார்மோன் எகிறுவதைக் காட்டிவிடும்.

பட்டை, வெப்பமானி, செயலி, அரசமரம் சுற்றுவது எல்லாம் மனைவிக்கு. கணவருக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால், "எங்க பரம்பரையில அதெல்லாம் கிடையாது" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.