மொய்யியல்: ஒரு சிறு விளக்கம்

மனிதரைத் தாமாகவே ஒரு காரியத்தைச் செய்ய வைக்கும் வழிகளில் நம்மூர் மொய் நோட்டுக்கு ஈடானது எதுவுமில்லை என்பது என் துணிபு. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, கோர்ட்டு கிடையாது. ஆனாலும் எட்டு வருடம் கழித்து மொய் செய்தவர் வீட்டுப் பத்திரிகை வந்தால், வாங்கியவர் பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கி அவர் பெயரைத் தேடுகிறார். அன்று ஐந்நூற்றொன்று வந்திருந்தால் இன்று அதற்குக் குறைத்து வைக்கக் கை வராது.

வாங்கினால் திருப்ப வேண்டும் என்ற உந்துதல் எல்லா மக்களுக்கும் பொது. கொடுப்பது, ஏற்பது, திருப்புவது மூன்றும் கடமைகளே என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். 1971இல் வெளியான டென்னிஸ் ரீகனின் சோதனையில், கேளாமலே கோகோ கோலா வாங்கித் தந்தவரிடம் மாணவர்கள் கூடுதலாகப் பரிசுச்சீட்டு வாங்கினார்கள். அவரைப் பிடிக்காதவர்களும் வாங்கினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மொய்யிலும் அப்படித்தான். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிக்கும் மொய் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த உந்துதலோடு எழுத்தையும் ஊர்க் காதையும் சேர்த்ததுதான் நம்மவர் திறமை. மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்ட நோட்டு, பக்கத்தில் தாம்பாளம். ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார். "எந்த ஊருண்ணே? பேரு?" என்று கேட்டுவிட்டுப் பேனா நிற்கும். தொகையைச் சொல்ல வேண்டிய அந்த நொடியில், வீட்டில் முடிவு செய்து வந்த இருநூறு பலருக்கு ஐந்நூறாகிவிடுகிறது. பின்னால் வரிசை நிற்கிறது. சில ஊர்களில் தொகையை மைக்கிலும் வாசிக்கிறார்கள். தாய்மாமன் என்றால் கேட்கவே வேண்டாம். அவர் கடன் வாங்கியாவது வைத்தாக வேண்டும்.

செய்த மொய் திரும்பி வர வீட்டில் ஒரு விசேஷம் வேண்டும். காதுகுத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம் என ஏதாவது. இல்லாதவருக்கு வழியாகத்தான் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கிறது. பல குடும்பங்கள் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிச்சோறு போடும். வந்த பணத்தில் போர் போட்டவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. வங்கி ஜாமீன் கேட்கும் இடத்தில் ஊர் இலை போடுகிறது. இதை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் மொய் விருந்து இல்லாத ஊர்களில் கல்யாணமாகாமல் தனியே இருக்கும் அக்காவும், பிள்ளையில்லாத தம்பதியும் வருடம் முழுக்க வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு நோட்டு போடும் நாள் வருவதில்லை. அவர்களைக் குறுக வைப்பது நோட்டு அல்ல, மைக். நோட்டு இருக்கட்டும், கணக்கு நேர்மையாக இருக்கும். மைக்கைச் சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிட வைத்துக்கொள்ளலாம்.