கலுங்கின் உயரம்

கண்மாயைப் பற்றிப் பேச்செடுத்தால் கரையைப் பேசுவார்கள், மடையைப் பேசுவார்கள், தூர் வாருவதை ஓயாமல் பேசுவார்கள். நிரம்பிய கண்மாயின் மிகுநீரை வழியவிடும் கல்வரிசையான கலுங்கைப் பேசுகிறவர்கள் குறைவு. கண்மாய் எவ்வளவு நீர் பிடிக்கும், பெருமழையில் கரை தாங்குமா, கீழூருக்குத் தண்ணீர் போகுமா என்ற மூன்றுக்கும் விடை சொல்வது அந்தக் கல்வரிசைதான். எனவே அதன் உயரம் மட்டுமே இங்கே பொருள்.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 39,000. இவற்றில் பல தனித்து நிற்பவை அல்ல, தொடராகப் பிணைந்தவை. மேல்கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. வைகையே வழிநெடுகக் கண்மாய்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மிஞ்சியதோடு ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போய்ச் சேருகிற ஆறு. அங்கெல்லாம் ஒரு கலுங்கின் உயரம் என்பது இரண்டு ஊர்களுக்கு நடுவே கல்லில் எழுதிய ஒப்பந்தம்.

பழைய கலுங்கு ஒன்றின் மேல் ஏறி நின்று பாருங்கள். கற்கட்டின் உச்சியில், இடைவெளி விட்டுவிட்டு, குட்டையான கல்தூண்கள் வரிசையாக நட்டிருக்கும். அடைமழைக் காலம் முழுவதும் அந்த இடைவெளிகள் திறந்தே இருக்கும். இனிப் பெருவெள்ளம் வராது என்று ஊர் கூடி முடிவு செய்த பிறகு, வைக்கோலும் தழையும் களிமண்ணும் திணித்து அடைப்பார்கள். தண்ணீர் இன்னும் ஓரடி ஏறி நிற்கும். மழை திரும்பி வந்தால் மண்வெட்டியால் நாலு இழுப்பு இழுத்தால் போதும், மிச்ச மண்ணை வெள்ளமே அரித்துக்கொண்டு போய்விடும். அடைப்பது தேவை, அதை நொடியில் பிரிக்க முடிவதும் தேவை. இரண்டையும் ஒரே கல்வரிசையில் தீர்த்திருக்கிறார்கள். இதைவிடச் சிக்கனமான நீர்க்கதவை நான் அறியேன்.

அந்த ஓரடி எவ்வளவு பெறும்? நீர்ப்பரப்பு 100 ஏக்கர் என்றால் ஓரடிக்கு 43.56 லட்சம் கன அடி. நெல்லுக்கு ஒரு தடவை 2 அங்குலம் பாய்ச்சினால் 600 ஏக்கர் நனையும். வெயிலும் கசிவும் பாதியைக் கொண்டுபோனாலும் 300 ஏக்கருக்கு ஒரு தண்ணீர் உண்டு. தை மாதம் பால் பிடிக்கிற பயிருக்கு அந்த ஒரு தண்ணீர் கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் வீட்டுக்கு வருவது நெல்லா பதரா என்பது இருக்கிறது. கலுங்கில் மண்மூட்டை அடுக்குகிற விவசாயியின் ஆசையை அதனால் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த ஓரடிக்கு விலையும் உண்டு. கலுங்கின் மேல் வழியும் நீரின் அளவு, வழியும் உயரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. உயரம் இரட்டித்தால் நீர் ஏறக்குறைய மூன்று மடங்காகும். திருப்பிக் கணக்கிடுங்கள். கலுங்குக்கு மேல் கரை 3 அடி உயரம் இருக்கிறது, அதில் ஓரடியை மூட்டை அடைத்துக்கொண்டது என்றால், மீதி 2 அடியில் வெளியேறக்கூடிய வெள்ளம் பழைய அளவில் ஏறத்தாழ பாதிதான். மீதி வெள்ளம் கரை மேல் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் உடைப்பெடுக்க நேரம் ஆகாது. மேலே ஒன்று உடைந்தால் அந்த வெள்ளம் அடுத்த கண்மாயின் கரையில்தான் போய் மோதும்.

எப்போது அடைப்பது என்பதுதான் கடினமான கேள்வி. 2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். அன்று தொடங்கிய மழை காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. கார்த்திகையோடு மழை முடிந்தது என்று காலண்டரைப் பார்த்து அடைக்க முடியாது. வானிலை அறிக்கையும் வேண்டும், இரவில் கலுங்கடியில் படுக்க ஓர் ஆளும் வேண்டும். நீர்ப்பாய்ச்சி என்று பல ஊர்களில் இருந்த ஆள் அவர். களத்தில் ஊர் அளந்து கொடுத்த நெல்தான் அவருக்குக் கூலி. பம்ப்செட் வந்தபின், 1990இல் விவசாய மின்சாரம் முழுக்க இலவசமானபின், கிணறு உள்ளவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. கிணறில்லாத சிறு விவசாயிக்கு அவர் இன்றும் தேவை.

ஆழமாகத் தோண்டிவிட்டால் கலுங்கை உயர்த்தவே வேண்டாமே என்று கேட்பவர்கள் உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் தானாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும். அதுவும் நன்மைதான், பாசனம் வேறு.

கல்தூண்களுக்கு நடுவே நிரந்தரமாகச் சிமெண்ட் சுவர் எழுப்புவது மூன்று பேருக்குச் செய்கிற தீங்கு. கரைக்கு ஆபத்து, நீர் பரவும் உள்வாயில் பட்டா நிலம் வைத்திருப்பவருக்கு மூழ்கல், கீழூருக்கு வறட்சி. குடிமராமத்துக்கு மதிப்பீடு போடும்போது கீழ்க்கண்மாய் ஆயக்கட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கலுங்கின் பழைய உயரத்தைக் கல்லில் குறியிட்டு, இரண்டு ஊரும் பார்க்கும்படி வையுங்கள். மார்கழியில் அடைத்த மண்ணை ஆடிக்குள் பிரித்துவிடுங்கள்.