தலையாட்டத் தனியாக ஒரு பொம்மையா?

கேள்வி: எங்கள் பகுதி ரவுண்டானாவில் ஆளுயரத் தலையாட்டி பொம்மை வைக்கப்போவதாகப் பேச்சு. தலையாட்ட ஊரில் ஆளா இல்லை?
– ஒரு வாசகர், கரந்தை

பதில்: வைக்கட்டுமே! வினோதம் தஞ்சைக்குப் புதிதா என்ன? பெரிய கோயில் விமானத்திலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். யார் அவர் என்று இன்னும் சண்டை. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடி, மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா கட்டினார் சரபோஜி. நெப்போலியன் காவிரியில் கால்கூட நனைத்ததில்லை!

ராஜராஜன் கதை இன்னும் விசேஷம். 1972-இல் அவர் சிலையைக் கோயிலுக்குள் வைக்க மத்தியத் தொல்லியல் துறை சம்மதிக்கவில்லை. கட்டியவரே இன்றுவரை வெளியே நிற்கிறார். பொம்மைக்கு அந்தத் தொல்லை இல்லை. புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.

ஒரே நிபந்தனை: அடிப்பாகம் கனத்து, தள்ளினால் நிமிர வேண்டும். அசையாதபடி சிமென்டில் இறுக்கினால் மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.