டிஸ்க்கைப் பிரிக்காமல் நான்கு ஓஎஸ் வைத்துக்கொள்வது எப்படி?

கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஓஎஸ் வைத்துக்கொண்டு, அதில் வேலையும் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் நான்கு வரி வந்து நின்று ‘எதற்குள் போகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும், அதைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இந்த ஆசை பலருக்கு அங்கே பிடித்ததுதான். நாம் கட்டப்போவது அந்த மெனுவை. ஓஎஸ்கள் எல்லாம் அதற்கான மூலப்பொருள்.

டிஸ்க்கைப் பிரிக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல மரியாதையான காரணம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பழைய எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் பார்ட்டிஷன் பட்டியலுக்கென்று 64 பைட்தான் ஒதுக்கீடு. ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பிரைமரி பார்ட்டிஷனோடு கதை முடிந்தது. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்கள் சில, பூட்டுக்கு ஒன்று, சி டிரைவ், ரெகவரி, கம்பெனியின் சொந்தச் சரக்கு என்று நான்கையும் நிரப்பிக்கொண்டே கடையிலிருந்து வந்தன. இதை எடுத்துவிட்டால் எதிராளி வாயைத் திறக்க மாட்டார். இப்போதைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை போடலாம் என்பதை அவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும். அந்த டிஸ்க்கில் அக்கா கல்யாண வீடியோ இருக்கிறது, வேறெங்கும் பிரதி இல்லை என்ற நிஜக் காரணம் நம்மோடு இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில் யாராவது விர்ச்சுவல் மெஷின் போடச் சொல்வார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், ரீஸ்டார்ட் வேண்டாம், ஆபத்து இல்லை, பிடிக்காவிட்டால் ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்பார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அதில் மெனு வராது. நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நம்முடைய மரபு பழையது. டாஸ் காலத்திலேயே, 1990களில், டாஸ் டைரக்டரி ஒன்றுக்குள் முழு லினக்ஸையும் இறக்கி வைத்தார்கள். யூஎம்எஸ்டாஸ் என்று அதற்குப் பெயர். டாஸுக்கு நீளமான ஃபைல் பெயரும் தெரியாது, எது யாருக்குச் சொந்தம் என்பதும் தெரியாது. அதனால் டைரக்டரிக்கு டைரக்டரி ஒரு ஃபைலை வைத்து இந்த விவரங்களை அதில் எழுதிக்கொண்டது லினக்ஸ். 100 எம்பி ஜிப் டிஸ்க்கில் அடங்குகிற ஸ்லாக்வேர்கூட இருந்தது. பின்னாளில் கர்னலிலிருந்தே இதை எடுத்துவிட்டார்கள்.

பொற்காலம் 2008இல் வந்தது. உபுண்டு 8.04 பதிப்போடு வுபி என்ற இன்ஸ்டாலர். விண்டோஸுக்குள்ளிருந்தே டபுள் கிளிக் செய்தால், சி டிரைவில் ரூட்.டிஸ்க் என்று ஒரு பெரிய ஃபைலை உண்டாக்கி, அதையே டிஸ்க்காக நம்பிக்கொண்டு உபுண்டு அதற்குள் குடியேறிவிடும். விண்டோஸின் பூட் மெனுவில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். வேண்டாமென்றால் டாலியை எடுப்பதுபோல் கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால். இதைவிட நாகரிகமான விருந்தாளி கிடைக்காது.

ஒரு குறை மட்டும் உண்டு. திடீரென்று கரண்ட் போனால் ரூட்.டிஸ்க் தாங்காது. உள்ளே உபுண்டுவின் ஃபைல் சிஸ்டம், அதைச் சுமந்துகொண்டு வெளியே விண்டோஸின் என்டிஎஃப்எஸ், அடிபட்டால் இரண்டுக்கும் அடி. அடுத்த முறை விண்டோஸ் வந்ததும் டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று செக்டிஸ்க் ஓடும். அந்த பிரம்மாண்டமான ஃபைலைப் பார்த்து, இது யாருடையதோ என்று ஃபவுண்ட்.000 என்ற மறைவான ஃபோல்டருக்குள் தூக்கிப் போட்டுவிடும். மெனுவில் உபுண்டு இருக்கும், டிஸ்க்கில் இருக்காது. வுபி உலவிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. சென்னைக்கு வெளியே வுபி போட்டவர்கள் யூபிஎஸ்ஸும் வைத்திருந்தார்கள், அல்லது ஃபவுண்ட்.000 எங்கே இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். 2013இல் உபுண்டு 13.04 வந்தபோது வுபியைக் கைவிட்டார்கள்.

இப்போது நமக்கு மிச்சமிருப்பதில் சுவையானது விஹெச்டி. விண்டோஸ் 7 தொடங்கி, ஒரு ஃபைலுக்குள் இன்னொரு முழு விண்டோஸை வைத்து நேரடியாக பூட் செய்யலாம். செய்முறை கேளுங்கள். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும். அதில் டிஸ்க்பார்ட்டைக் கூப்பிட்டு, சி டிரைவில் 60 ஜிபிக்கு ஒரு விர்ச்சுவல் டிஸ்க் உண்டாக்கி, அதை அட்டாச் செய்யுங்கள். யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்வது நல்லது, பார்க்க அபாரமாக இருக்கும். பிறகு இன்ஸ்டாலுக்குத் திரும்பி அந்தப் புதிய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால், ‘இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது’ என்று மஞ்சள் முக்கோணத்தோடு அறிவிப்பு வரும். அதன் கீழேயே நெக்ஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்துங்கள். நிறுவிவிடும். முடியாது என்று சொல்லிவிட்டு முடித்துக் கொடுப்பதை நாம் வேறு அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறோம், ஆனால் இங்கே செலவில்லை.

அந்த 60 ஜிபியில் ஒரு தந்திரம் உண்டு. ‘எக்ஸ்பாண்டபிள்’ என்று போட்டால் ஃபைல் முதலில் சின்னதாகத்தான் இருக்கும், ஆஹா இடம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பூட் ஆகும்போது தன் முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நிற்கும். சி டிரைவில் அவ்வளவு காலி இடம் இல்லையென்றால் நீலத் திரை. கல்யாண வீடியோவை எங்காவது மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குவீர்கள். வாங்கிய பிறகு பார்ட்டிஷன் பிரிப்பதற்கு ஒரு தடையும் இல்லை என்பது உங்களுக்கே தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வரிக்கு, லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே சி டிரைவில் போட்டு, பூட் லோடரான கிரப்பிடம் அதை லூப்பாக ஏற்றச் சொல்லலாம். அருமையாக பூட் ஆகும், ரீஸ்டார்ட் செய்தால் நீங்கள் செய்த எல்லாவற்றையும் மறந்துவிடும். நான்காவது வரி வென்டாய். பென்டிரைவில் அதை ஒருமுறை ஏற்றிவிட்டால், பிறகு பாட்டு காப்பி செய்வதுபோல் எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அத்தனையும் அதன் மெனுவில் வரும். ஏறும்போது பென்டிரைவைத் துடைத்து, பெரிதாக ஒன்றும் 32 எம்பிக்கு ஒன்றுமாக அது இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரைத்தானே பிரிக்க மாட்டேன் என்றீர்கள்?

இனி வருவது பராமரிப்பு. புதிய லேப்டாப்கள் பலவற்றில் சி டிரைவ் பிட்லாக்கரால் பூட்டியே வருகிறது. பூட்டிய டிரைவை கிரப்பால் படிக்க முடியாது, விஹெச்டியையும் அதற்குள் வைத்து பூட் செய்ய முடியாது. இந்த மெனுவுக்காக செக்யூர் பூட்டை அணைக்கப் போனால், அடுத்த முறை விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் லேப்டாப் கடைப் பையன். விண்டோஸ் 8இலிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். ஷட்டவுன் கொடுத்தால் அது பாதி தூக்கத்தில்தான் படுக்கும், அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே போய் எதையாவது எழுதினால் சி டிரைவே கலைந்துவிடும்.

கடிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதர்போர்டில் இருப்பது ஒரே கடிகாரம். அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் இரண்டுக்கும் இடைவெளி ஐந்தரை மணி நேரம். லினக்ஸ் திருத்திவிட்டுப் போனால் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும், விண்டோஸ் திருத்தினால் லினக்ஸ் அதே அளவு முந்தும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லினக்ஸில் பார்த்தால் ராகு காலம் முடிந்திருக்கும், விண்டோஸில் பார்த்தால் தொடங்கியே இருக்காது. நிஜத்தில் நீங்கள் அதற்குள்தான் உட்கார்ந்திருப்பீர்கள். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். போட்டால் மாறும். ஆனால் இந்த ஏற்பாட்டை முழுமையாக ஆதரிக்க முடியாது என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே நிற்கும். அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

மெனு தயார். விண்டோஸ் பூட் மேனேஜர் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். அதைக் குறைக்காதீர்கள், நம் உழைப்பைப் பிறர் காண்பதற்கு இருப்பதே அந்த அரை நிமிடம்தான். வீட்டில் உள்ளவர்களிடம் ‘எதையும் தொடாமல் இருந்தால் முதல் வரி தானாகத் திறக்கும்’ என்று சொல்லிவையுங்கள். சொன்னாலும் கரண்ட் பில் கட்ட உட்காரும் அப்பா கீழ் அம்புக்குறியைத் தட்டி எண்டர் அழுத்துவார். லினக்ஸ் வரும். பிரவுசரைத் தேடித் திறப்பார், பில்லைக் கட்டுவார், ரசீதையும் பார்த்துவிடுவார். சாயந்திரம் நீங்கள் வந்ததும், “இன்னைக்கு விண்டோஸ் நல்லா வேகமா இருந்துச்சே, என்னடா பண்ணின?” என்று கேட்பார். கிளீன் பண்ணினேன்பா என்று சொல்லிவிடுங்கள்.