ஆறு காசு அரசு, நாலு காசு ஊர்!

● தலைமை ஆசிரியர் ஒருவர், மணப்பாறை: அரசுப் பள்ளிக்கு ஊர் எதற்குக் கை கொடுக்க வேண்டும்? வரி வாங்குகிற அரசே பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். பார்த்துக்கொள்கிறதா என்று பார்க்க ஊர் வேண்டுமே!

● கல்லூரி மாணவி, எட்டயபுரம்: அரசும் ஊரும் சேர்ந்து பள்ளியைக் கவனிக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது?

உங்கள் ஊரில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்களே, தாயே! 1956-ல் காமராஜர் பகல் உணவைத் தொடங்கி வைத்தது எட்டயபுரத்தில்தான். முதலில் முழுக்க நன்கொடைச் சோறு. பிறகு அரசு நிதியுதவி சேர்ந்தது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பத்து காசு. அதில் ஆறு அரசு, நாலு ஊர். இவ்வளவு சுருக்கமான மானிய விதியை அதன்பிறகு எந்த அரசாணையிலும் நான் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், தணிக்கைக்காரருக்கும் புரியும்.

● வியாபாரி, கடம்பத்தூர்: எங்கள் ஊரில் பள்ளிக்காக மாநாடே நடந்ததாமே?

ஆமாம், 1958-ல். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதல் மாநாடு உங்களுடையது. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கேட்டார். ஊர்க்காரர்கள் இடம், கட்டடம், பெஞ்சு, சீருடை என்று கொடுத்தார்கள். இன்றைய மாநாடு முடிந்தால் மைதானத்தில் தண்ணீர் பாட்டில் மிஞ்சுகிறது. அன்று பள்ளியில் பெஞ்சு மிஞ்சியது!

● சத்துணவு அமைப்பாளர், அரூர்: ஊர் பங்கு அவ்வளவு நல்லதென்றால் எம்.ஜி.ஆர். ஏன் சத்துணவை அரசுப் பொறுப்பில் கொண்டுவந்தார்?

நாலு காசு திரட்ட முடிந்த ஊரில் உலை கொதிக்கும். முடியாத ஊரில்? பிள்ளையின் பசி, ஊரின் வசதியைப் பார்த்து வருவதில்லை. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்கு என் ஓட்டு முழுசாக உண்டு. சோறு போடுவது அரசின் கடமை. அரிசியில் புழு இருக்கிறதா என்று பார்ப்பது ஊரின் கடமை.

● ஒப்பந்ததாரர், திண்டிவனம்: பள்ளிச் சுற்றுச்சுவருக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பணம் கேட்கலாமா?

கேட்கலாம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒன்று போதும். நல்ல சலுகைதான். ஆனால் ஒன்பது லட்ச ரூபாய்ச் சுவருக்கு ஐந்தில் ஒன்று என்றால் 1,80,000. நூறு நாள் வேலைக் கூலியில் அதைத் திரட்டச் சொல்லிப் பாருங்கள்! சுவர் மிகவும் தேவைப்படும் ஊரில்தான் பங்குத்தொகை புரளாது. அங்கே கொத்தனாரின் உழைப்பையும் சித்தாளின் உழைப்பையும் பங்காக வரவு வைக்க வேண்டும் என்பேன்.

● இல்லத்தரசி, சான் ஹோசே, கலிஃபோர்னியா: இங்கே பள்ளிகளுக்கு உழைப்பையும் பங்காக ஏற்கிறார்களோ?

கிட்டத்தட்ட! ‘கம்யூனிட்டி ஸ்கூல்’ திட்டத்துக்கு உங்கள் மாநிலம் 2021-ல் 300 கோடி டாலர் ஒதுக்கி, அடுத்த ஆண்டே 410 கோடி ஆக்கியது. மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, மாலை நேர வகுப்பு எல்லாம் உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து பள்ளிக்குள்ளேயே. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிக்கு முன்னுரிமை. அங்கேயும் உள்ளூர்ப் பங்கு உண்டு, அரசு தரும் மானியத்தில் மூன்றில் ஒன்று. ஆனால் ரொக்கமாகத்தான் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சேவையாகவும் தரலாம். பல் டாக்டர் வந்து ‘ஆ காட்டு’ என்றால் அதுவும் கணக்கில் ஏறும். இந்த ஒரு விதியை நம்மூருக்கு பார்சல் அனுப்புங்கள்!

● பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், தென்காசி மாவட்டம்: பீடி சுற்றிக்கொண்டிருக்கும்போது தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். முறத்தை மடியில் வைத்தபடியே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சரியா அண்ணே?

தப்பு தங்கச்சி! 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21: குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும், வந்த மானியம் எங்கே போகிறது என்று கண்காணிப்பதும் உங்கள் வேலை. அடுத்த தடவை புத்தகம் வந்தால் முறத்தை இறக்கி வைத்துவிட்டு வரிவரியாகப் படியுங்கள். ‘மேசை வாங்கிய வகையில்’ என்று இருந்தால் மேசையைக் காட்டச் சொல்லுங்கள். மேசை முன்னே, கையெழுத்துப் பின்னே!

● இடைநிலை ஆசிரியர், கூடலூர்: முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் பத்தாயிரம் போதுமா?

மாதத்துக்கு 833 ரூபாய். விளக்குமாறு, பினாயில், சாக்பீஸ், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள். இதில் பத்து சதவீதம் தூய்மைக்கு என்ற நிபந்தனை வேறு. போதாது, போதாது, போதாது. சின்னப் பள்ளியென்றால் கூரை சின்னதாகவா ஒழுகுகிறது?

● பட்டதாரிப் பெண், மரக்காணம்: இல்லம் தேடிக் கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலையில் பாடம் எடுத்தேன். பலன் இருந்ததா?

2021 அக்டோபரில் உங்கள் பக்கத்தில்தானே தொடங்கினார்கள்! கொரோனாவில் பிள்ளைகள் இழந்த படிப்பு எவ்வளவு மீண்டது என்று பொருளாதார நிபுணர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் அளந்தார்கள். மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு உங்கள் வகுப்புகளால். ஆயிரம் ரூபாய்க்கு அரசு இதைவிட லாபமாக எதையும் வாங்கியிருக்காது. உங்களுக்குக் கூட்டித் தந்திருக்க வேண்டும்.

● நிறுவன மேலாளர், ஓசூர்: எங்கள் சி.எஸ்.ஆர். பணத்தில் வகுப்பறைக்கு வர்ணம் அடித்தோம். கம்பெனிப் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதலாம்?

‘அ, ஆ’வைவிடச் சின்னதாக.

● வழக்கறிஞர், மதுரை: பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா நிதி என்ன ஆயிற்று?

ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது ஏற்பாடு. 2024–25-க்கான 2,152 கோடியை, ‘பி.எம்.ஸ்ரீ’ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தியது. ஒப்பந்தத்தில் பிள்ளைகள் யாரும் கையெழுத்துப் போட மறுக்கவில்லையே! அவர்கள் பங்கை எடுத்து வைத்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

● எட்டாம் வகுப்பு மாணவன், பரமக்குடி: சாயங்காலம் பள்ளி மைதானத்தைப் பூட்டிவிடுகிறார்கள். யாரிடம் கேட்பது?

அம்மாவிடம் கேள். மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோரைப் பிடித்து, ‘உள்ளூர் விளையாட்டு மன்றம் பொறுப்பேற்றால் ஆறரை மணிவரை திறந்து வைக்கலாம்’ என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லட்டும். பந்து இருக்கிறதா தம்பி? இல்லையென்றால் அதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்!