கறுப்புச் சட்டை ஆராதனை

குயின்ஸ், நியூயார்க்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சித்தியின் முட்டிவலி தேவலையா? தவிலுக்கு வார் பிடிக்க ஆள் கிடைத்தாரா?

போன வாரம் ஒரு கச்சேரிக்குப் போனேன் என்று போனில் சொன்னதும் “யாரு பாட்டு?” என்றீர்கள். பாடகர் செத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது என்றேன். போனை வைத்துவிட்டீர்கள். ஆகவே இந்தக் கடிதம்.

அவர் பெயர் ஜோயி ராமோன். பங்க் ராக் பாடகர். நான் குடியிருக்கும் இதே குயின்ஸில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் பக்கத்துப் பையன்கள் 1974இல் ‘ராமோன்ஸ்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். அண்ணன் தம்பிகள் மாதிரி எல்லோருக்கும் ராமோன் என்றே பெயர். ஆனால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி எப்போதோ வைத்துக்கொண்டிருந்த புனைபெயரைப் பிடித்து ஆளுக்கு ஆள் மாட்டிக்கொண்டது. ஜோயியின் சொந்தப் பெயர் ஜெஃப்ரி ஹைமன். ஆறரை அடி ஆள். 2001 ஏப்ரலில் நிணநீர்ப் புற்றுநோயில் போய்விட்டார். அடுத்த மாதம் 19ஆம் தேதி அவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். கொண்டாட்டத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததாம். நிறுத்தவில்லை. ஆள் இல்லாமலே நடத்தினார்கள். அன்றிலிருந்து மே மாதம் வந்தால் பிறந்தநாள் கச்சேரி. கூடப்பிறந்த தம்பி மிக்கி லீதான் முன்னே நின்று நடத்துகிறார். வசூல் அந்த நோயின் ஆராய்ச்சிக்கு. திருவையாறு ஆராதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சமாதியான திதியைப் பார்க்கிறோம், இவர்கள் பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள்.

வந்திருந்தவர்கள் எல்லோரும் கறுப்புச் சட்டை. நம்மூராக இருந்தால் திராவிடர் கழகமா, சபரிமலைக்கா என்று கேட்டிருப்பார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். அறுபத்தைந்து இருக்கும். தோல் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ், வழுக்கையைச் சுற்றி மிச்சமிருந்த முடிக்குப் பச்சைச் சாயம். முதல் குழு மேடை ஏறியதும், காதிலிருந்த கேட்கும் கருவியைக் கழற்றி, சின்ன டப்பியில் வைத்து, மூடி சரியாக விழுந்ததா என்று இரண்டு தரம் அழுத்திப் பார்த்து, உள்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் குதிக்க ஆரம்பித்தவர் கடைசி வரைக்கும் நிற்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டேன்.

பாட்டைப் பற்றிச் சொன்னால் திட்டுவீர்கள். பரவாயில்லை. 1976இல் வந்த முதல் இசைத்தட்டில் 14 பாட்டு. மொத்தம் அரை மணி நேரம்கூடக் கிடையாது. நீங்கள் விரலுக்குக் கூடு மாட்டி முடிப்பதற்குள் ஏழெட்டு உருப்படி ஓடிவிடும். ஆலாபனை இல்லை, தனி இல்லை. “ஒன், டூ, த்ரீ, ஃபோர்” என்று ஒரு கத்தல், பிறகு எல்லோரும் ஒரே ஓட்டம். கிதார்க்காரர் ஜானி கையை மேலும் கீழும் வீசமாட்டாராம். கீழ்வீச்சு மட்டும்தான், விடாமல். அதைத்தான் அன்றைக்கு மேடையில் நின்ற பையன்களும் செய்தார்கள். மணிக்கட்டு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். சாதகம் இல்லாமல் அது வராது, சித்தப்பா. சத்தம் என்று நீங்கள் ஒதுக்கினால், தவில்காரர் சொல்லக்கூடிய புகாரா அது?

கூட்டத்தின் நடுவே ஒருவரை ஒருவர் மோதித் தள்ளிக்கொள்கிறார்கள். அடிதடி என்று நினைத்து ஒதுங்கினேன். ஒரு பெண் வழுக்கி விழுந்தாள். மோதிக்கொண்டிருந்த நாலு பேர் ஒரே நேரத்தில் குனிந்து தூக்கிவிட்டு, கீழே கிடந்த கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, மறுபடியும் மோதினார்கள்.

போகிற வழியில் பவரி தெருவில் ராமோன்ஸ் வாசித்துப் பேர் வாங்கிய சிபிஜிபி கிளப் இருந்த இடத்தையும் பார்த்தேன். 2006இல் மூடியாயிற்று. பிறகு அங்கே வந்தது துணிக்கடை; விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பக்கத்து மூலைக்கு 2003இல் ஜோயி பெயரை வைத்தார்கள். ரசிகர்கள் பலகையைத் திருடித் திருடிப் போக, கடைசியில் மாநகராட்சி அதை 20 அடி உயரத்துக்குத் தூக்கிவிட்டது. ஆறரை அடி மனிதரின் பெயரைப் படிக்கக் கழுத்து வலிக்கிறது.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். ஜோயி காதலித்த பெண்ணை ஜானி கல்யாணம் செய்துகொண்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் நின்ற பேச்சு, பிறகு சரியாகவே இல்லை. ஒரே வண்டி, ஒரே மேடை, ஒரே குடும்பப் பெயர். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள். 1996இல் குழுவைக் கலைக்கும்போது கணக்கு 2,263 கச்சேரி. ஜோயி சாகும்வரைக்கும் சமாதானம் ஆகவில்லை. ஜானியும் 2004இல் போய்விட்டார்.

இதைக் கேட்டு நியூயார்க்காரர்கள் எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவே உட்கார்ந்து தாளம் போட்ட பையன் நான். “அந்தாளுகிட்டச் சொல்லு, பல்லவியைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கட்டும்” என்று நீங்கள் சொல்வீர்கள். “தவிலுக்குச் சொல்லு, ஓடாம வாசிக்கட்டும்” என்று பெரியப்பா சொல்வார். இருவரும் எட்டிய தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

கச்சேரியில் சட்டை விற்றார்கள். அமெரிக்க ஜனாதிபதி முத்திரை மாதிரி கழுகு. அம்புக்குப் பதில் காலில் பேஸ்பால் மட்டை. சுற்றி நாலு பேர் பெயர். ஜானியும் ஜோயியும் அடுத்தடுத்து.

இரண்டு வாங்கியிருக்கிறேன். கறுப்புதான் இருக்கிறது, சித்தியைச் சமாளித்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பெரியப்பாவுக்கு. தனித்தனி பார்சலுக்கு இங்கே தபால் செலவு கட்டுப்படியாகாது. இரண்டையும் உங்கள் முகவரிக்கே அனுப்புகிறேன். பெரியப்பாவுடையதை நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெரிய சைஸ் அவருக்கு. மாற்றிக் கொடுத்துவிட்டுச் சண்டை வளர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தாளக்காரப் பையன்