கைப்பிடி கச்சானும் கண்டறியாத பாதாமும்

பூவரசங்குளத்தில் பின்னேரத் தேத்தண்ணி என்பது ஒரு சாட்டு. உண்மையில் வேண்டியது அதோடு கடிக்க வருகிற ரோல்ஸ், வடை, மிக்சர், சீனி தூவின பணிஸ். மன்னார் வீதிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ஒரு வடை எங்களைப் பார்த்தால், பாராமல் போவது மரியாதையில்லை.

லண்டனில் இருக்கிற மருமகளுக்கு இது பொறுக்கவில்லை. "மாமா, உதுகளை விட்டிட்டுப் பாதாம் சாப்பிடுங்கோ. இங்கை கிங்ஸ் கல்லூரியில ஆராய்ச்சியே செய்திருக்கினம்" என்றாள். பொய்யில்லை. 2020இல் வெளிவந்த ஆய்வு. வழமையான நொறுக்குத்தீனிக்குப் பதிலாக ஒரு பகுதியினருக்கு ஆறு வாரம் பாதாம், மற்றவர்களுக்கு மஃபின் கேக். பாதாம் தின்றவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் குறைந்தது, இரத்தக் குழாய்களும் நன்றாக விரிந்து கொடுத்தன. "மஃபின் பகுதியில சேர ஆரைப் பிடிக்கவேணும்?" என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டது.

வவுனியாவில் பாதாம் விலை கேட்டதிலேயே பிறசர் ஏறிவிட்டது. மனிசிதான் வழி காட்டினா: "கண்டறியாத பாதாம்! வீட்டில கச்சான் கிடக்கெல்லே?"

தாவரவியல்படி கச்சான் கொட்டையே இல்லை. பயறு, உளுந்தின் சொந்தக்காரன். ஆனால் குணத்தில் பாதாமுக்குக் கிட்டத்தான். ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 30 கிராம், 170 கலோரி தரும். அதில் புரதம் மட்டும் ஏழு கிராம். கொழுப்பிலும் பெரும்பங்கு நல்ல கொழுப்பு. எங்கடை பக்கத்துக் கஜுவும் அப்படித்தான். சென்னையில் சீனி வருத்தக்காரர் 300 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் தினமும் 30 கிராம் கஜு தின்றவர்களுக்குப் பிறசர் குறைந்து நல்ல கொலஸ்ட்ரோல் கூடியது. ஆக, விமானம் ஏறி வரும் கொட்டைதான் வேலை செய்யும் என்றில்லை.

இந்த மாற்றத்தில் பாதிப் புண்ணியம் வாய்க்குள் போகாததுக்கே சேரவேணும். ரோல்ஸும் பணிஸும் போனால் கோதுமை மா, சீனி, உப்பு, திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெய் எல்லாம் சேர்ந்து போகும். அந்த இடத்துக்கு நாரும் மக்னீசியமும் வரும். ஆனால் எங்கடை சனத்துக்கு ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கிற பழக்கம் இல்லை. இரண்டு வடைக்கு மேலே ஒரு சரை கச்சானையும் உள்ளே தள்ளிவிட்டு, "ஆராய்ச்சி பிழை, வண்டி வைக்குது" என்பார்கள். இன்னும் சிலர் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்க் கச்சான் அல்வாவோடு திரும்பி, "இதிலயும் கச்சான்தானே" என்று நியாயம் பேசுவார்கள். அதிலே ஒட்டியிருக்கிற சீனிக்கு ஆர் பொறுப்பு?

சரையில் கடைசியாக வருகிற கச்சான் கைக்கும் என்பது வன்னியின் மாறாத விதி. அந்தக் கைப்புப் போக இன்னொரு சரை வாங்கவேணும் என்பது அதன் உபவிதி. முதல் விதிக்கு மட்டும் மதிப்புக் கொடுத்துத் துப்பிவிடுங்கோ. பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். அது ஈரலைக் கெடுக்கும்.

மற்றபடி, உப்பும் சீனியும் சேராத வறுத்த கச்சானோ அவிச்ச கச்சானோ நாளுக்கு ஒரு கைப்பிடி போதும். அளப்பது உங்கள் கையாக இருக்கட்டும்; வீட்டிலேயே பெரிய கை ஆருடையது என்று தேடாதேங்கோ.